முப்பது இலட்சத்துக்குப் பழைய மின்சாரக் கார்: வாசகர் கேள்விகள்

போன இதழில் பெற்றோல் செலவைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: பழைய மின்சாரக் கார் வாங்கலாமா? அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. மற்றவர்களும் அதை வாசித்துவிட்டு உங்கள் கேள்விக்கு வாருங்கள், ஏனென்றால் அடிப்படை எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி): அண்ணா, நாங்கள் இருப்பது பிளட்ஸில், ஆறாம் மாடி. காலையில் மகளைப் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு இராஜகிரியவில் வேலைக்குப் போகிறேன், பின்னேரம் அவளை டியூஷனில் இருந்து ஏற்றிக்கொண்டு வீடு. எல்லாமாக ஒரு நாளைக்கு 25 கிலோமீற்றர். இப்போது ஓட்டோவுக்குக் கொடுத்தே சம்பளத்தில் பெரும்பங்கு போகிறது. சேமிப்பும் போன மாதம் எடுத்த சீட்டுக் காசும் சேர்த்துக் கையில் 30 இலட்சம் இருக்கிறது, லீசிங் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தரகர் ஒருவர் 2013 நிசான் லீஃப் மின்சாரக் கார் காட்டினார். டேஷ்போர்டில் பற்றரியின் நலத்தைக் காட்டும் 12 பாரில் 11 இருக்கிறது, பற்றரி புதிது மாதிரி என்கிறார். கணவர் வேண்டாம் என்கிறார், தம்பி எடு என்கிறான். நான் என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, காரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் உங்கள் பிளட்ஸின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய் உங்களுக்குரிய பார்க்கிங் இடத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் சொந்த மீற்றரில் இருந்து ஒரு இணைப்பு கொண்டுவர முடியுமா? வெள்ளவத்தையில் அநேகமான பிளட்ஸில் எல்லா வீட்டு மீற்றர்களும் கீழே ஓர் அறையிலோ சுவரிலோ ஒன்றாகத்தான் இருக்கும், ஆகவே ஆறாம் மாடியில் இருந்து கம்பி இழுக்க வேண்டியதில்லை. மீற்றரில் இருந்து உங்கள் காருக்குப் பத்து இருபது மீற்றர் தூரம்தான் இருக்கும். ஆனால் நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும், அதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் சரி என்றவர் அடுத்த வருடக் கூட்டத்தில் மாறிவிடலாம், புதுத் தலைவர் வரலாம். பொதுப் பிளக்கில் குத்திக்கொள்ளலாம், மாதம் ஏதாவது கொடுங்கள் என்று யாராவது சொன்னால் அதற்குச் சம்மதிக்காதீர்கள், அயலவருடன் மனக்கசப்பு வருவது அங்கேதான் தொடங்கும். இந்த அனுமதி கிடைக்காவிட்டால் மின்சாரக் கார் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இரவில் வீட்டில் சார்ஜ் ஏற்ற வழியில்லாதவர் வேகச் சார்ஜ் நிலையங்களை மட்டும் நம்பிப் பழைய காரை ஓட்டினால் காசும் நேரமும் கரையும், சூடேறிச் சூடேறிப் பற்றரியும் கரையும்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி பற்றரி.

2013 லீஃபில் இருப்பது 24 கிலோவாட் மணி பற்றரி. ஒரு கிலோவாட் மணி என்பது உங்கள் மின்சாரப் பில்லில் வரும் ஒரு யூனிட்தான், வேறொன்றுமில்லை. புதிதாக வந்தபோது 24 யூனிட் கொள்ளும் பானை அது, அதிலும் 21, 22 யூனிட் அளவுதான் ஓட்டத்துக்குக் கிடைக்கும். லீஃப் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு எதுவும் இல்லை, கீழே பட்டுப்போகும் காற்றுதான். அமெரிக்காவில் அரிசோனா போன்ற வெயில் இடங்களில் 2012இலேயே பார் குறைகிறது என்று முறைப்பாடுகள் கிளம்பின. கொழும்பு அரிசோனா இல்லை, ஆனால் வருடம் முழுவதும் 27, 28 பாகையில் வேகும் ஊர், மார்கழிக் குளிர் என்று இங்கே பற்றரிக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஆகவே பத்து வருடம் தாண்டிய ஒரு லீஃப் 11 பார் காட்டினால் எனக்குச் சந்தோசம் வராது, சந்தேகம்தான் வரும்.

பார் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் ஒரு பார் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பற்றரியின் கொள்ளளவு சுமார் 85 சதவீதத்துக்குக் கீழே போகும்போதுதான் முதல் பாரே அணையும். அதற்குப் பிறகு ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் குறையக் குறைய ஒவ்வொன்றாக அணையும். கணக்குப் போட்டால் 10 பார் காட்டும் கார் 72 முதல் 79 சதவீதம் வரை, 8 பார் காட்டும் கார் 60 முதல் 66 சதவீதம் வரை. 8 பார் என்றால் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் என்று தோன்றும், உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்தப் பார்களை அழித்துத் திரும்ப எழுத முடியும். காரின் பற்றரிக் கணினி தனக்குள் ஒரு தேய்மானக் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை ஒரு கருவியால் அழித்துவிட்டால் 12 பாரும் பளிச்சென்று திரும்பி வரும். பற்றரி அப்படியேதான் இருக்கும். கார் ஓட ஓட, சார்ஜ் ஏற ஏறக் கணினி உண்மையைத் திரும்பக் கற்றுக்கொள்ளும், பார்கள் ஒவ்வொன்றாக இறங்கும். எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்தது இல்லை. நான் வாங்கிய முதல் லீஃப் 12 பாருடன் வீட்டுக்கு வந்தது, ஆறு கிழமையில் 9 பாருக்கு வந்துவிட்டது. விற்றவரிடம் போனேன். காருக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் ஏதும் உண்டா என்று கேட்டார், என்னிடம் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்து காருக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், உள்ளே போய் மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. சேமித்த காசு போகிற வலி எப்படியென்று தெரிந்ததால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஆகவே பாரை நம்பாதீர்கள், தூரத்தை அளந்து பாருங்கள். தரகரிடம் சொல்லுங்கள், காரை முதல் நாள் இரவு நூறு சதவீதம் ஏற்றி வைக்கட்டும். 2013 மாடலில் டேஷ்போர்டில் சதவீதம் காட்டும், அதற்கு முந்தியவற்றில் காட்டாது. காலையில் நீங்கள் வழமையாக வேலைக்குப் போகும் அதே நேரத்தில், காலி வீதியில் நெரிசல் இருக்கும்போதே, ஏசியைப் போட்டு, கணவரையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு 30 கிலோமீற்றராவது ஓட்டுங்கள். மத்தியானம் வெறும் வீதியில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. நூறில் இருந்து 65க்கு இறங்கினால், 30 கிலோமீற்றருக்கு 35 சதவீதம், அப்படியானால் முழுச் சார்ஜுக்கு 85 கிலோமீற்றர். அதில் கடைசி 20 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள், தேய்ந்த பற்றரியில் அந்தக் கடைசிப் பகுதி மளமளவென்று இறங்கும். மிச்சம் 68 கிலோமீற்றர். உங்களுக்கு வேண்டியது 25. தாராளமாகப் போதும்.

ஏசியைப் போடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஏசி தின்னும் மின்சாரம் நேரத்தைப் பொறுத்தது, எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பம்பலப்பிட்டிச் சந்தியில் அசையாமல் நின்றாலும் அது தின்றுகொண்டே இருக்கும். பெற்றோல் கார் நெரிசலில் இதைவிட மோசமாகச் செலவழிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அங்கே தாங்கி பெரியது, நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

முடிந்தால் தம்பியிடம் ஒரு வேலை கொடுங்கள். லீஃப் ஸ்பை என்று ஒரு கைபேசிச் செயலி இருக்கிறது, அத்துடன் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும், காரின் கணினியை வாசிக்கும் சின்ன ஓபிடி கருவி ஒன்று வேண்டும். கொழும்பில் லீஃப் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இரவல் தருவார்கள். அதில் கொள்ளளவு சதவீதம் காட்டும், ஆனால் கணக்கை அழித்திருந்தால் அதுவும் பொய்தான் சொல்லும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. பற்றரிக்குள் இருக்கும் 96 சோடிக் கலங்களின் (செல்களின்) மின்னழுத்தத்தைக் கோடு கோடாகக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. கோடுகள் எல்லாம் தலைவாரிய மாதிரி ஒரே மட்டத்தில் நின்றால் நல்லது. சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது ஏற்றத்தில் அழுத்தி ஓட்டிப் பாருங்கள், அப்போது ஓரிரு கோடு மட்டும் பள்ளத்தில் விழுந்தால் அந்தப் பற்றரிக்குள் நோயுள்ள கலம் இருக்கிறது. யாரும் இதை அழித்து எழுத முடியாது.

இனிக் காசு. 30 இலட்சத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்து இலட்சத்தையாவது தொடாமல் ஒதுக்குங்கள்: பிளக் இணைப்புக்கு, நான்கு ரயருக்கு, சின்னப் பன்னிரண்டு வோல்ட் பற்றரிக்கு, முழுக் காப்புறுதிக்கு, மிச்சம் பெரிய பற்றரிக்கென்று வங்கியில். அந்தச் சின்னப் பற்றரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது செத்தால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் எழும்பாது, கார் போய்விட்டது என்று பதறிக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய தொகை கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக என் அபிப்பிராயம். உங்கள் ஓட்டம் 25 கிலோமீற்றர்தான். உங்களுக்கு 11 பார் தேவையே இல்லை. 8 பார் என்று உண்மையைச் சொல்லி, அதற்கேற்ற விலையும் சொல்லும் ஒருவரிடம், கலங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும் ஒரு காரைத் தேடுங்கள். 11 பாருக்கென்று தரகர் கேட்கும் மேலதிகக் காசு, நீங்கள் ஒருநாளும் ஓடப்போகாத தூரத்துக்குக் கொடுக்கும் காசு, அதுவும் அந்தத் தூரம் உண்மையில் இருந்தால்தான். எழுத மறந்துவிட்டேன், யப்பானில் இருந்து வந்த காரில் திரை யப்பான் மொழியில்தான் பேசும், மணிக்கூடும் சிலவற்றில் யப்பான் நேரத்தில்தான் இருக்கும். அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தி. சார்ஜ் டைமரை இரவு 10.30க்கு வைக்க நினைத்தால் காரில் அதிகாலை 2 மணி என்று வைக்க வேண்டிவரும்.

கேள்வி (கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் வீட்டுக்கு மாதம் 150 யூனிட் போகிறது. மின்சாரக் கார் வாங்கினால் பில் எகிறிவிடும், பெற்றோலே பரவாயில்லை என்று மாமா சொல்கிறார். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுவேன். பழைய வீடு, பழைய வயரிங்.

பதில்: மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியைக் கார் விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர் என்று வையுங்கள். 1,000 கிலோமீற்றருக்கு 167 யூனிட், சார்ஜ் ஏறும்போது சூடாக வீணாவதையும் சேர்த்தால் 190 யூனிட் அளவு மீற்றரில் ஏறும். இப்போது கவனியுங்கள், நம்முடைய வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. உங்கள் 150 யூனிட் ஏற்கனவே 121 முதல் 180 வரையான படியில் நிற்கிறது. காருக்கான 190இல் முதல் 30 யூனிட் அந்தப் படியில் போகும், மிச்சம் 160 யூனிட்டும் 180க்கு மேற்பட்ட, ஆக விலை கூடிய படியில்தான் விழும். ஆகவே வீட்டின் சராசரி விலையைக் காருக்குப் போட்டுக் கணக்குப் பார்க்கக்கூடாது, உச்சிப் படியின் விலையைப் போட வேண்டும். பேச்சுக்கு யூனிட் 70 ரூபாய் என்று வைத்தால் 13,300 ரூபாய். அதே தூரத்துக்குக் கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் கார் 83 லீற்றர் கேட்கும், லீற்றர் 300 என்றால் 25,000 ரூபாய் வரை. அப்படிப் பார்த்தாலும் கார் சோடை போகவில்லை, பாதிதான் செலவு. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற மாதிரி பத்தில் ஒன்று இல்லை. உங்கள் கையில் கிடைக்கும் கடைசிப் பில்லை எடுத்து, அதில் இருக்கும் விலையைப் போட்டு இதே கணக்கைத் திரும்பச் செய்யுங்கள்.

நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறை ஒன்றும் இருக்கிறது, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. உங்கள் இணைப்புக்கு அது கிடைக்குமா என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேளுங்கள் (நுகேகொடை, கோட்டே, மொரட்டுவ பக்கத்து வாசகர்கள் பலருக்கு அது லெக்கோ என்ற மின்சாரக் கம்பனி). ஒரு நாளைக்கு 6, 7 யூனிட்தான் உங்களுக்கு வேண்டும், 3 கிலோவாட்டில் இரண்டரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும். ஆனால் அந்த முறையில் மாலை 6.30 முதல் 10.30 வரை விலை மிக அதிகம், வீட்டில் எல்லோரும் கூடியிருந்து சமைக்கிற, ஏசி போடுகிற நேரம் அதுதான். முழு வீட்டின் கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகே மாறுங்கள்.

வயரிங் விசயத்தில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள், தயவுசெய்து. சுவரில் இருக்கும் சாதாரண 13 அம்பியர் சதுரப் பிளக்கில் கேத்தில் ஐந்து நிமிடம் ஓடும், கார் மணிக்கணக்காக ஓடும். 3 கிலோவாட் என்பது 13 அம்பியர், அந்தப் பிளக்கின் கடைசி எல்லை. ராத்திரி முழுக்க அப்படி ஓடினால் பிளக் உருகும், பழைய வீட்டில் அதற்குள்ளே போகும் கம்பியும் சூடேறும். மெயின் போர்டில் இருந்து நேரே தனிக் கம்பி, 7/0.85 (0.85 மில்லிமீற்றர் இழை ஏழு கொண்டது) அல்லது அதைவிடத் தடித்தது, தனி பிரேக்கர், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த். முனையில் 16 அம்பியர் தொழிற்சாலைப் பிளக், நீல நிறத்தில் இருக்குமே அது. எர்த் கம்பி நிலத்துக்குள் உண்மையாகப் போகிறதா என்று எலக்ட்ரீசியனை அளந்து காட்டச் சொல்லுங்கள், கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளில் எர்த் என்று ஒரு கம்பி சுவருக்குள் எங்கேயோ முடிந்துபோயிருப்பதைக் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் ஓடித் திரியும் வீடு, மழையில் நனைந்த தரையில் நின்று தொடப்போகிற கார்.

கேள்வி (வத்தளையிலிருந்து): என்னுடைய லீஃப் திடீரென்று 25 சதவீதத்தில் ஆமை வேகத்துக்கு வந்து நிற்கிறது. ஒரு கராஜில் பழுதான கலங்களை மட்டும் மாற்றித் தருகிறேன் என்கிறார்கள், முழுப் பற்றரி மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு. செய்யலாமா?

பதில்: சீட்டுப் பிடித்திருக்கிறீர்களா? 96 பேர் சேர்ந்த சீட்டில் 95 பேர் ஒழுங்காகக் கட்டி, ஒருவர் கையை விரித்தால் சீட்டு நின்றுவிடும். பற்றரியும் அப்படித்தான். 96 சோடிக் கலங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கின்றன, ஒரு சோடி முதலில் காலியானால் மற்றவற்றில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கணினி காரை நிறுத்திவிடும். 25 சதவீதத்தில் ஆமைச் சின்னம் வருவது அதனால்தான்.

உங்கள் பற்றரியில் 48 பெட்டிகள், பெட்டிக்கு நான்கு கலம். கராஜ்காரர் பழுதான ஒன்றிரண்டு பெட்டியைக் கழற்றி வேறு பழைய பற்றரியில் இருந்து எடுத்ததைப் போடுவார். ஓரிரண்டு பெட்டிதான் பிழை, மற்றதெல்லாம் ஒரே மட்டம் என்றால் செய்யலாம், நல்ல பலன் தரும். ஆனால் ஏழெட்டுப் பெட்டி பலவீனம் என்றால் வேண்டாம். இன்றைக்கு மோசமானவற்றை மாற்றினால் அடுத்த மோசமானது ஆறு மாதத்தில் தலைகாட்டும், ஒவ்வொரு முறையும் முந்நூறு கிலோ அளவு எடையுள்ள பற்றரியை இறக்கி ஏற்றும் கூலியும் உங்கள் தலையில்தான். வேலை கொடுக்கும் முன் எல்லாக் கலங்களின் அளவையும் தாளில் எழுதி வாங்குங்கள், போடப்போகும் பெட்டியின் அளவையும் சேர்த்து. முடிந்த பிறகு அதேபோல இன்னொரு தாள். தர மறுப்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

தயவுசெய்து வீட்டில் திறந்து பார்க்காதீர்கள், யூடியூபில் எவ்வளவு சுலபமாகத் தெரிந்தாலும். உள்ளே இருப்பது 400 வோல்ட் வரை போகும் நேரோட்ட மின்சாரம், அதற்கு மெயின் சுவிட்ச் நம் வீட்டில் இல்லை.

கேள்வி (தெஹிவளை): லீஃப் தவிர வேறு என்ன இருக்கிறது? எல்லோரும் அதையே சொல்கிறீர்களே.

பதில்: 2015ஐ ஒட்டி அதுதான் நிறைய வந்து இறங்கியது, பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் கிடைப்பதும் கை வைக்கத் தெரிந்த கராஜ்காரர் கிடைப்பதும் அதற்குத்தான். குறைந்த காசில் வாங்குபவருக்கு இது பெரிய விசயம். மிட்சுபிஷி ஐ-மீவ் சின்னது, 16 கிலோவாட் மணி. யப்பானில் விற்ற அதன் 10.5 கிலோவாட் மணி வகையில் தோஷிபாவின் டைட்டனேற் பற்றரி இருந்தது, அது மிக மெதுவாகத் தேயும், தூரம் குறைவு ஆனால் நகரத்துக்குள் ஓடுபவருக்கு அருமையான சாமான். உதிரிப்பாகம்தான் தேடி அலைய வேண்டும். பிஎம்டபிள்யூ ஐ3க்குப் பற்றரி குளிர்விக்கும் வசதி உண்டு, பற்றரி நன்றாகவே தாக்குப்பிடிக்கும், ஆனால் ஒரு கதவு நசுங்கினால் வரும் பில்லைத் தாங்க முடியுமா என்று யோசியுங்கள். காசு கொஞ்சம் கூட இருந்தால் 2017 கடைசியில் வந்த புது உருவ லீஃப், 40 கிலோவாட் மணி. அதிலும் குளிர்விக்கும் வசதி இல்லை, ஆனால் பானை பெரியதாக இருப்பதால் தேய்ந்தாலும் உங்களுக்குப் போதும்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு வந்த சீனக் கார்கள் நல்லவைதான், பலவற்றில் வெப்பத்தையும் முழுச் சார்ஜையும் நன்றாகத் தாங்கும் இரும்புப் பொஸ்பேற் பற்றரி. ஆனால் அது இந்தப் பக்கத்தின் காசுக்கு வெளியே.

கேள்வி (மட்டக்குளி): நல்லூர்த் திருவிழாவுக்கு வருடா வருடம் குடும்பமாகப் போவோம். கண்டிக்கும் போவதுண்டு. பழைய லீஃபில் போகலாமா?

பதில்: யாழ்ப்பாணத்துக்கு வேண்டாம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர், 70 கிலோமீற்றர் ஓடும் காரில் ஐந்தாறு தடவை நின்று ஏற்ற வேண்டும், வழியில் ஒரு சார்ஜர் வேலை செய்யாவிட்டால் பிள்ளைகளுடன் நடுவழியில் நிற்பீர்கள். வருடத்தில் ஒரு பயணத்துக்காக முந்நூற்றுச் சொச்ச நாளுக்கும் பெரிய காரைச் சுமக்கத் தேவையில்லை, ரயிலோ இரவு பஸ்ஸோ வாடகை வானோ பிடியுங்கள்.

கண்டி 115 கிலோமீற்றர். மலை ஏறுவதால் பற்றரி காலியாகிவிடும் என்று பயப்படுகிறார்கள், கணக்கைப் பாருங்கள்: ஆட்களுடன் 1,700 கிலோ வரும் காரைக் கண்டியின் 480 மீற்றர் உயரத்துக்குத் தூக்க இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல்தான் தேவை, அதில் ஒரு பகுதி இறங்கும்போது திரும்பி ஏறும். பிரச்சினை வேறு. கடுகண்ணாவை ஏற்றம் வருவது பயணத்தின் கடைசியில், பற்றரி தளர்ந்திருக்கும் நேரத்தில். பலவீனமான கலம் விழுவது சரியாக அங்கேதான். 40 கிலோவாட் மணி காரில் நிம்மதியாகப் போகலாம். 24இல், கேகாலை தாண்டுவதற்கு முன் ஏற்றிக்கொள்ள நிச்சயமான ஓரிடம் இருந்தால் மட்டும்.

கேள்வி (கிருலப்பனை): ஒரு கார் மிக மலிவாக வந்திருக்கிறது. ஓபன் பேப்பர், பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். பற்றரி நல்லது, ஓட்டிப் பார்த்தேன். உள்ளே மட்டும் ஒரு மண் வாடை.

பதில்: விட்டுவிடுங்கள் தம்பி. அந்த வாடை வெள்ளத்தில் நின்ற காரின் வாடை. 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எத்தனை வாகனம் தண்ணீருக்குள் நின்றது என்று நமக்குத் தெரியும், அதற்குப் பிறகும் வெள்ளங்கள் வந்துபோயின. சந்தேகம் இருந்தால் சீற் ஓடும் தண்டவாளத்தின் அடியில் துருவும், தரைவிரிப்பைத் தூக்கினால் மூலையில் காய்ந்த சேறும் இருக்கிறதா என்று பாருங்கள், சீற் பெல்ற்றை முழுதாக வெளியே இழுத்துக் கடைசி முழத்தில் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரக் காரில் தண்ணீர் புகுந்த இணைப்பு இன்றைக்கு வேலை செய்யும், ஒரு வருடத்தில் பச்சை பிடித்து அறும்.

பேப்பர் விசயம் அதைவிட மோசம். ஓபன் பேப்பரில் வாங்கினால் சட்டப்படி கார் இன்னும் விற்பவருடையது, அல்லது அவருக்கு முந்தியவருடையது, அல்லது இன்னும் கட்டி முடியாத லீசிங் நிறுவனத்துடையது. விற்பவரின் அடையாள அட்டையும் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், முழு உரிமையாளர் என்ற இடத்தில் வேறு பெயர் இருந்தால் அவர்களின் விடுவிப்புக் கடிதம் கையில் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் காசு, அதுவும் வங்கி மூலம்.